கத்தி இல்லை, ரத்தம் இல்லை... சரி, அடைப்பு திறக்குமா?

முதலிலேயே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். புராஸ்டேட் வீக்கத்துக்கு "ஒலி அலைச் சிகிச்சை" என்று சொல்லி யாராவது உங்களிடம் லட்சக்கணக்கில் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், கீழே ஐந்து கேள்விகள் எழுதியிருக்கிறேன். அவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்கிய பிறகு கொடுங்கள்.

நான் டாக்டர் இல்லை. அரசு மேல்நிலைப் பள்ளியில் 32 வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஒலி அலை பற்றி வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டவன். எனக்கும் புராஸ்டேட் வீங்கியது. ஆறு வருடம் முன்பு ஆபரேஷன் செய்துகொண்டேன். இதை எழுத எனக்கு இருக்கும் தகுதி இந்த இரண்டுதான்.

சில மாதங்களாக எங்கள் பக்கத்தில் நாளிதழுக்குள் மடித்து வைத்து ஒரு வண்ண நோட்டீஸ் வருகிறது. அதே படம் வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. "கத்தி இல்லை, ரத்தம் இல்லை, ஆஸ்பத்திரியில் தங்க வேண்டாம். நவீன ஒலி அலையால் புராஸ்டேட் வீக்கத்துக்கு நிரந்தரத் தீர்வு. அமெரிக்க அங்கீகாரம் பெற்ற கருவி." கீழே ஒரு போன் நம்பர், முகாம் தேதி. யார் போட்டது என்று எழுதப் போவதில்லை. இவர்கள் போனால் நாளைக்கு வேறொருவர் இதே நோட்டீஸைப் போடுவார்.

நோட்டீஸை மூன்று முறை படித்தேன். எதெல்லாம் இல்லை என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. சிகிச்சைக்குப் பிறகு மூத்திரம் எவ்வளவு தாராளமாகப் போகும், எத்தனை வருடம் அப்படிப் போகும் என்று ஒரு வரி இல்லை. அடைப்பை நீக்கத்தானே போகிறோம்? அதைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாமா?

பேசக் கூசும் வியாதி

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பிதான் புராஸ்டேட். ஆணுக்கு மட்டும் உண்டு. வாலிப வயதில் சுமார் 20 கிராம் இருக்கும். வயது ஏற ஏறப் பெருக்கும். ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கும், எண்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கும் இந்தப் பெருக்கம் இருக்கும். இது கேன்சர் இல்லை. கேன்சராக மாறுவதும் இல்லை. பெருத்திருப்பது மட்டுமே வியாதியும் ஆகாது. அது குழாயை நெருக்கும்போதுதான் தொல்லை ஆரம்பம். ஒண்ணுக்குப் போக நின்றால் வராது, வந்தால் நூலாக வரும், முடிந்தது என்று வேட்டியைச் சரி செய்தால் இன்னும் நாலு சொட்டு வரும். ராத்திரி தூக்கம் போய்விடும்.

ஆத்தங்குடி மாதிரி ஊர்களில் இந்த ராத்திரிக் கதை இன்னும் மோசம். எங்கள் ஊரின் பழைய வீடுகள் எவ்வளவு நீளம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்பக்கம் படுத்திருக்கும் பெரியவர் வளவைக் கடந்து, இரண்டாம் கட்டைக் கடந்து, அடுப்படியைக் கடந்து கொல்லைப்புறம் போக வேண்டும். கட்டியவர்கள் கழிப்பறையைக் கடைசியில்தான் வைத்தார்கள். எழுபத்தைந்து வயதில், தூக்கக் கலக்கத்தில், அரை வெளிச்சத்தில், ஒரே ராத்திரியில் ஐந்து தடவை அந்த நடை. எங்கள் ஊர்த் தரைக் கல் நடக்க நடக்க மெருகு ஏறும் என்று வெளிநாட்டுக்காரர்கள் வந்து படம் எடுக்கிறார்கள். ஈரக் காலோடு அதில் நடக்கும் கிழவனுக்குத்தான் அந்த மெருகின் விலை தெரியும். இடுப்பெலும்பு முறிந்து படுத்த இரண்டு பேரை எனக்கே தெரியும். இரண்டு பேரும் விழுந்தது ராத்திரி ஒண்ணுக்குப் போகும்போது.

இதை யாரும் வெளியே சொல்வதில்லை. சர்க்கரை அளவைக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பேசுவோம். பைபாஸ் தழும்பைச் சட்டையை விலக்கிக் காட்டுவோம். மூத்திரம் போகவில்லை என்பதை மட்டும் பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டோம். நோட்டீஸ்காரருக்கு இந்தக் கூச்சம்தான் முதலீடு.

என் அக்கா வீட்டுக்காரர் அப்படித்தான் இருந்தார். 74 வயது. பஸ்ஸில் ஏறுவதை நிறுத்திவிட்டார். கல்யாண வீட்டில் காபியைத் தொடுவதில்லை. பக்கத்தில் இருக்கும் பிள்ளையார்பட்டிக்குக் கூப்பிட்டால் முட்டி வலி என்பார். போன தைக்குப் பிறகு ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அந்த நோட்டீஸைக் காட்டினார்.

"மாப்ளே, கத்தியே வைக்க மாட்டாங்களாம். மிஷின்ல படுத்துட்டு எந்திரிச்சு வந்துடலாமாம்."

"எவ்வளவு கேக்குறாங்க அத்தான்?"

"ரெண்டே முக்கால். முகாம்ல பேரு குடுத்தா ரெண்டரை."

"ஸ்கேன், ரத்த டெஸ்ட் எல்லாம் பாத்தாங்களா?"

"அதெல்லாம் அட்வான்ஸ் கட்டுன பெறகாம். டெபாசிட்டை ஒடைச்சிடலாம்னு இருக்கேன். ஒங்க அக்காகிட்ட இப்ப சொல்லிடாத."

அந்த டெபாசிட்டின் வட்டியில்தான் அக்கா மாதம் மளிகை வாங்குகிறது. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். அன்றைக்கு ஆரம்பித்துத் தேடிப் படித்ததையும், தெரிந்த டாக்டர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

பூதக்கண்ணாடிக் கதை

ஒலி அலைச் சிகிச்சை பொய் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நானும் நோட்டீஸ்காரர் மாதிரி ஆகிவிடுவேன்.

சின்ன வயதில் பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைக் கருக்கியிருப்பீர்கள். கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவில் கையை விட்டால் சுடாது. குவியும் புள்ளியில் மட்டும் கருகும். இதே வேலையை ஒலி அலையால் செய்யலாம். நம் காது நொடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்கும். வயிற்று ஸ்கேனில் ஓடுவது நொடிக்குப் பல லட்சம் அதிர்வு. அதே வகை அலையை வீரியம் கூட்டி ஓர் இடத்தில் குவித்தால் அங்கே 60 டிகிரிக்கு மேல் சூடு ஏறித் திசு வெந்துவிடும். ஒரு தடவை குவித்தால் அரிசி மணி அளவு வேகும். அதை வரிசையாக அடுக்கிக்கொண்டே போவார்கள்.

இது நிஜமான மருத்துவம்தான். கர்ப்பப்பைக் கட்டிக்கு இப்படி எம்.ஆர்.ஐ. பார்த்துக்கொண்டே செய்யும் கருவிக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2004-இல் அனுமதி கொடுத்தது. மருந்துக்கு அடங்காத கை நடுக்கத்துக்கு 2016-இல் கொடுத்தது. மண்டையோட்டைத் திறக்காமல், 1024 முனைகளில் இருந்து வரும் அலைகளை மூளைக்குள் ஒரு புள்ளியில் குவிக்கிறார்கள். டம்ளரைப் பிடிக்க முடியாத மனிதர் எழுந்து வந்து கையெழுத்துப் போடுகிறார். நம் கோயம்புத்தூரிலேயே இந்தச் சிகிச்சை நடக்கிறது. இயற்பியல் வாத்தியாருக்கு இதைவிடப் பெருமை என்ன வேண்டும்?

அங்கே வேலை செய்தது இங்கேயும் செய்யும் என்று எப்படிச் சொல்ல முடியும்? மூளையில் செய்ய வேண்டியது கோளாறு செய்யும் ஒரு புள்ளியை அணைப்பது. கேன்சரில் செய்ய வேண்டியது கெட்ட செல்லைக் கொல்வது. இரண்டுக்கும் வேக வைத்தால் போதும். புராஸ்டேட் வீக்கத்தில் வழியைத் திறக்க வேண்டும். வெந்த சதை உடனே காணாமல் போவதில்லை. முதலில் வீங்கும். பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், உதிரும், தழும்பாகும். வாய்க்காலில் விழுந்த மரத்தை வெட்டி இழுத்துப் போடுவதற்கும், பட்டுப்போகட்டும் என்று நின்ற இடத்திலேயே கொளுத்திவிட்டு வருவதற்கும் உள்ள வித்தியாசம் இது. சுரப்பி பெரிதாக இருந்தால் அலை முழுக்கப் போய்ச் சேராது. உள்ளே சுண்ணாம்புக் கற்கள் படிந்திருந்தால் அலை அதில் பட்டுத் திரும்பிவிடும்.

முப்பது வருடம் முன்பே பார்த்துவிட்டார்கள்

"நவீன" என்று நோட்டீஸ் சொல்கிறது அல்லவா? புராஸ்டேட் வீக்கத்துக்குக் குவித்த ஒலி அலையை 1990-களின் தொடக்கத்திலேயே மனிதர்களிடம் முயன்று பார்த்துவிட்டார்கள். ஆஸ்திரியாவின் வியன்னாவில் மாடர்ஸ்பாக்கர் என்ற டாக்டரின் குழு செய்தது. கருவியை மலவாய் வழியாக உள்ளே வைத்துச் செய்யும் முறை. முதல் வருட முடிவுகள் நம்பிக்கையாக இருந்தன. நல்லவேளையாக அவர்கள் அதோடு நிற்காமல் நோயாளிகளை வருடக் கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். 2000-இல் அவர்களே முடிவை வெளியிட்டார்கள். 80 பேரில் 35 பேருக்கு நாலு வருடத்துக்குள், பலன் போதாமல், பழைய ஆபரேஷனையே செய்ய வேண்டி வந்தது. நூற்றுக்கு 44 பேர்!

எனக்கு இதில் பிடித்தது அந்த டாக்டர்களின் நேர்மை. தாங்கள் செய்த முறை தாங்கவில்லை என்று தாங்களே எழுதினார்கள். பாதிக்குக் கொஞ்சம் குறைவான பேருக்கு இரண்டாவது செலவு, இரண்டாவது மயக்க ஊசி. அதன் பிறகு அந்த முறை வீக்கத்துக்கான சிகிச்சையாக வேரூன்றவில்லை. இன்று அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம் புராஸ்டேட் வீக்கத்துக்கு வெளியிட்டிருக்கும் வழிகாட்டுதலில் ஆபரேஷன், லேசர், நீராவி, நீர்த்தாரை என்று ஒரு டஜன் முறைகள் வருகின்றன. குவித்த ஒலி அலை அதில் இல்லை.

"அமெரிக்க அங்கீகாரம்" என்கிறார்களே? 2015-இல் எஃப்.டி.ஏ. இரண்டு கருவிகளுக்கு அனுமதி கொடுத்தது உண்மை. எதற்கு? "புராஸ்டேட் திசுவை அழிக்க". அவ்வளவுதான். வீக்கத்துக்கான சிகிச்சை என்று அந்த அனுமதி சொல்லவில்லை. கார் ஓட்ட லைசென்ஸ் வைத்திருப்பவர் அதைக் காட்டி லாரி ஓட்ட முடியுமா?

கேன்சருக்கு இந்தக் கருவியைப் பயன்படுத்தும் டாக்டர்கள், சுரப்பி பெரிதாக இருந்தால் என்ன செய்கிறார்கள் தெரியுமா? முதலில் பழைய ஆபரேஷனைச் செய்து சுரப்பியைச் சிறிதாக்கிக்கொண்டு, அதன் பிறகு ஒலி அலைக்குப் போகிறார்கள். இல்லாவிட்டால் சிகிச்சைக்குப் பின் வீக்கத்தால் மூத்திரம் அடைத்துக்கொண்டு நாள் கணக்கில் டியூப் போட வேண்டியிருக்கும். எந்த ஆபரேஷனை ஒழிக்க வந்ததாக நோட்டீஸ் சொல்கிறதோ, அதே ஆபரேஷன் இதற்கு முன்னால் போய் வழி செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது!

"செய்துகொண்டவர் நன்றாக இருக்கிறேன் என்று வீடியோவில் சொல்கிறாரே சார்" என்று என் பழைய மாணவர் ஒருவர் கேட்டார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. புராஸ்டேட் தொல்லையை அளக்க 35 மார்க் கேள்வித்தாள் ஒன்று உண்டு. மார்க் கூடினால் தொல்லை கூடுதல். யூரோலிஃப்ட் என்ற முறையைச் சோதித்தபோது 206 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நிஜச் சிகிச்சை. இன்னொரு பிரிவுக்குச் சிகிச்சை செய்வது போல எல்லா ஏற்பாடும் செய்துவிட்டு எதையும் வைக்காமல் அனுப்பினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், எதுவுமே செய்யாத பிரிவிலும் சராசரியாகக் கிட்டத்தட்ட 6 மார்க் குறைந்திருந்தது. நிஜச் சிகிச்சை பெற்றவர்களுக்கு 11 மார்க். சும்மா படுத்து எழுந்து வந்தாலே ஆறு மார்க்குக்கு நல்லாயிருக்கும்! அதனால் வீடியோவை நம்பாமல் மூத்திர வேகத்தை அளந்து பார்க்க வேண்டும்.

ஒலி அலையில் வேறொரு வகையும் உண்டு. சூடாக்காமல் நுண்குமிழிகளை உண்டாக்கித் திசுவைக் கூழாக்குவது, ஹிஸ்டோட்ரிப்ஸி என்று பெயர். அதை ஈரல் கட்டிக்கு 2023-இல் எஃப்.டி.ஏ. அனுமதித்தது. அதற்குப் பல வருடம் முன்பே புராஸ்டேட் வீக்கத்துக்கு 25 பேரிடம் செய்து பார்த்தார்கள். கேள்வித்தாள் மார்க் குறைந்தது. மூத்திர வேகமும் சுரப்பியின் அளவும் சொல்லும்படி மாறவில்லை.

நல்ல செய்தியையும் மறைக்கக் கூடாது. பின்லாந்தின் துர்க்கு நகரில், சிறுநீர்க்குழாய் வழியாகவே ஒலிக் கருவியை உள்ளே விட்டு, எம்.ஆர்.ஐ.-இல் சூட்டை அளந்துகொண்டே செய்யும் முறையை வீக்கம் உள்ள 10 பேரிடம் சோதித்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பலன் நன்றாகவே இருந்தது. நாளைக்கு இது வெல்லலாம், வென்றால் சந்தோஷம். ஆனால் பத்துப் பேர், ஒரு வருடம் என்பது ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்கு வருகிறவரிடம் "இது ஆராய்ச்சி" என்று சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். ரெண்டரை லட்சம் வாங்கக் கூடாது.

பழைய ஆபரேஷன் என்ன, பூதமா?

டி.யூ.ஆர்.பி. என்றாலே நம் ஆட்கள் நடுங்குகிறார்கள். வயிற்றைக் கிழிப்பதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிழிப்பதே இல்லை. குழாய் வழியாகவே போய் அடைத்திருக்கும் சதையைச் சீவி எடுப்பார்கள். மாக்சிமிலியன் ஸ்டெர்ன் என்பவர் இதற்கான கருவியை 1926-இல் கொண்டுவந்தார். நூறு வருடமாக உலகம் பார்த்துவிட்ட முறை.

எனக்கு மதுரையில் செய்தார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். ஒரு மணி நேரம். டாக்டரோடு பேசிக்கொண்டே படுத்திருந்தேன். மூன்று நாள் டியூப். அந்த மூன்று நாளும் சுகமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். டியூபில் சிவப்பாக வந்ததைப் பார்த்து என் மனைவி அழுதாள். இரண்டு வாரம் எரிச்சல் இருந்தது. அதற்குப் பிறகு ராத்திரி ஒரு தடவைதான் எழுகிறேன்.

இதில் குறை உண்டு. பெரும்பாலோருக்கு அதற்குப் பிறகு விந்து வெளியே வராமல் பின்பக்கமாகச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டிய விஷயம். ஆண்மை போய்விடும் என்று திண்ணையில் பேசுவது வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பித்தான் பயமுறுத்துகிறார்கள். சிலருக்கு ரத்தப்போக்கு, சிலருக்குப் பிற்பாடு குழாய் சுருங்குவது உண்டு. மறுபடி செய்ய வேண்டி வருகிறவர்கள் வருடத்துக்கு நூற்றுக்கு ஒருவர் இருவர். வியன்னாக் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைத் தரைக் கல்லை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு, தொட்டித் தண்ணீரில் ஊறவைத்துக் காய வைத்து எடுப்பது ஆத்தங்குடிக் கல். அதே பூவை அச்சடித்த மிஷின் டைல்ஸும் இப்போது கடையில் கிடைக்கிறது. போட்ட அன்று இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், டைல்ஸ் இன்னும் பளபளப்பாகக்கூட இருக்கும். கொத்தனார் எதைப் பார்ப்பார்? இருபது வருடம் நடந்த வீட்டுத் தரையைப் பார்ப்பார். சிகிச்சையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். செய்த அன்றைய போட்டோ எதற்கும் ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது

1954-இல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் ஆட்சேபகரமான விளம்பரச் சட்டம். எந்தெந்த வியாதிகளைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று அதன் பின்னிணைப்பில் ஒரு பட்டியல் உண்டு. கேன்சர், சர்க்கரை, காக்காய் வலிப்பு என்று போகும் அந்தப் பட்டியலில் புராஸ்டேட் சுரப்பிக் கோளாறும் இருக்கிறது. அன்றைக்கே யாரோ ஒரு புண்ணியவான் யோசித்திருக்கிறார், இந்த வியாதிக்காரன் வெட்கத்தில் எதையும் நம்புவான் என்று. சட்டம் இயந்திரத்துக்கும் பொருந்துமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். டாக்டர்களுக்கு 2002-இல் வந்த நடத்தை விதிகள் வேறு இருக்கின்றன. விளம்பரம் செய்து நோயாளியை இழுக்கக் கூடாது என்று அவை தெளிவாகச் சொல்கின்றன. நாளிதழுக்குள் நோட்டீஸ் வைத்து, முகாமில் பெயர் கொடுத்தால் இருபத்தைந்தாயிரம் தள்ளுபடி என்பது என்ன? ஆடித் தள்ளுபடிக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. எனக்கு மூத்திர வேகம் இப்போது நொடிக்கு எத்தனை மில்லி? போன பிறகு பையில் எத்தனை மில்லி மிச்சம் நிற்கிறது? (பரிசோதனை செய்யாமல் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.)

2. இந்தச் சிகிச்சைக்குப் பிறகு அந்த இரண்டு எண்ணும் எவ்வளவு மாறும்?

3. நீங்கள் செய்தவர்களில் எத்தனை பேருக்கு மூன்று நாலு வருடத்தில் மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது?

4. வீக்கத்துக்கு இதைச் செய்யலாம் என்று எந்த டாக்டர் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது?

5. பலிக்காவிட்டால் அடுத்த ஆபரேஷன் செலவு யாருடையது?

கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போச்சு என்பார்கள். கேட்பவன் மதியோடுதான் இருக்கிறான். கேள்வி கேட்கத்தான் கூச்சப்படுகிறான்.

பிறகு என்னதான் செய்வது?

அத்தானைக் காரைக்குடியில் ஒரு யூராலஜி டாக்டரிடம் கூட்டிப் போனேன். சிறுநீர்ப் பரிசோதனை, பி.எஸ்.ஏ., கிரியாட்டினின், ஸ்கேன், மூத்திர வேகம். நொடிக்கு 15 மில்லிக்கு மேல் போனால் நல்லது, 10-க்குக் கீழே போனால் அடைப்பாக இருக்கலாம் என்றார் டாக்டர். அத்தானுக்கு 11. பை பெரிதாகக் கெடவில்லை. டாம்சுலோசின் மாத்திரை கொடுத்தார். ராத்திரி ஏழு மணிக்கு மேல் தண்ணீர், காபியைக் குறைக்கச் சொன்னார். ஐந்து தடவை எழுந்தவர் இப்போது இரண்டு தடவை எழுகிறார். மாத்திரை போதாமல் போனால் ஆபரேஷன், அதற்கு இப்போது அவசரமில்லை என்று சொல்லியிருக்கிறார். டெபாசிட் உடையவில்லை. அக்காவுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது, தெரியாத மாதிரி நடந்துகொள்கிறது.

படிப்பவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள்.

டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்கள் கண்புரை ஆபரேஷனுக்குப் போனால் கண் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். கண்ணின் கருவிழித் திரை தளர்ந்து ஆபரேஷனின்போது சிக்கல் செய்யும். முன்பே தெரிந்தால் அவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். படுக்கையில் இருந்து சட்டென்று எழ வேண்டாம், தலை சுற்றும். ஃபினாஸ்டெரைடு போன்ற, சுரப்பியைச் சுருக்கும் மாத்திரைகள் வேலை செய்ய ஆறு மாதம் ஆகும், பத்து நாளில் நிறுத்திவிடாதீர்கள். அவை பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதையும் டாக்டரிடம் நினைவூட்டுங்கள். புராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் மெடிக்கல் ஷாப்பில் சளி மாத்திரையைத் தாங்களாக வாங்கிப் போட வேண்டாம். சில சளி மாத்திரைகள் மூத்திரத்தை ஒரேயடியாக அடைத்துவிடும். மூத்திரம் சுத்தமாக நின்றுபோனால், ரத்தம் வந்தால், குளிர் காய்ச்சலோடு எரிச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாட்கணக்கில் அடைத்து வைத்தால் சிறுநீரகம் கெடும்.

ஆபரேஷனே தேவை என்று வந்தாலும் லட்சக்கணக்கில் கடன் வாங்க வேண்டியதில்லை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் யூராலஜி பிரிவு இருக்கிறது. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருடம் 5 லட்சம் வரை உண்டு. அட்டையை எடுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

கடைசியாக, எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பாதிப் பேர் சென்னை, பெங்களூர், சிங்கப்பூர், அமெரிக்கா என்று இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து "அப்பா, சாப்பிட்டீங்களா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா" என்று கேட்கிறீர்கள். அடுத்த முறை, "ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறீங்கப்பா?" என்றும் கேளுங்கள். முதல் தடவை கேட்டால் மழுப்புவார். இரண்டாவது தடவையும் கேளுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் அந்த நோட்டீஸ்தான் கேட்கும்.